பால் சங்கத்து சர்வரும் எங்கே என்று கேட்காத அக்காவும்

1

கேஷ் மாட்யூலின் ஓரத்தில் கடுகளவு ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். அது மினுக்கிக்கொண்டிருந்தால் கை வைக்கக் கூடாது. சென்னையில் வேலை பழகிய காலத்தில் முதலில் என் காதில் விழுந்த எச்சரிக்கை இதுதான். இன்று ஜெர்மனியின் வடக்கே, கடல் காற்று ஓயாத ஒரு சின்ன நகரத்தில் இருந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறேன். கம்பெனிகளின் சர்வர் படுத்துவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். கெட்டுப்போன பிராசசரைக் கழற்றிப் புதியதை வைப்பேன். என் ஊர் நைனார்பாளையத்தில் இதை எப்படிச் சொன்னாலும் கடைசியில் 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்றுதான் முடியும். முடியட்டும்.

கேஷ் மாட்யூல் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிடலாம். கரும்பாலை வாசலில் டிராக்டர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு யார்டில் வரிசையாக நிற்கும் அல்லவா? ஆலை அந்தக் கரும்பை வாங்கிக்கொண்டாகிவிட்டது, ஆனால் அது இன்னும் அரவைக்குப் போகவில்லை. சர்வருக்குள் அந்த யார்டுதான் கேஷ் மாட்யூல். வெளியிலிருந்து வரும் பதிவுகளை முதலில் அது வாங்கிக்கொள்ளும். பிறகு டிஸ்க்கில் எழுதும். எழுதுவதற்குள் மின்சாரம் போனால் பக்கத்தில் இருக்கும் சின்ன பேட்டரி அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். மஞ்சள் விளக்கு மினுக்குகிறது என்றால் உள்ளே இன்னும் எழுதப்படாத சரக்கு நிற்கிறது என்று பொருள். அப்போது பேட்டரி ஒயரைப் பிடுங்கினால் யார்டில் நின்றதெல்லாம் காற்றோடு போய்விடும்.

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள், விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் அந்த ஒயர்மேல் போய்விட்டது. அன்று என் மகள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

2

மகள் பெயர் மதி. இங்கேயே பிறந்தவள். பள்ளி முடித்து, கல்லூரியில் சேர்வதற்கு முன் சில வாரங்கள் ஊரில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். துணைக்கு வர எனக்கும் விடுப்பு இல்லை, அவள் அப்பாவுக்கும் இல்லை. அவர் வாரநாட்களில் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். தனியாகவே போனாள். நைனார்பாளையத்தில் என் அக்கா வீட்டில் தங்கல்.

போவதற்கு முன்பு எத்தனை தாள்கள்! இவள் ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்காரி. அம்மா பிறந்த ஊருக்குப் போக விசா கேட்க வேண்டும். எங்கே தங்குவாய், யார் வீடு, எந்தத் தெரு, எப்போது திரும்புவாய் என்று பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். இந்த நாட்டுப் பழக்கமும் அப்படித்தான். வீடு மாறினால் போய்ச் சொல்ல வேண்டும். என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளைப் புதிதாகப் பார்த்தவர்கள்போலக் கேட்பார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு ஜெர்மன் மறந்துவிடும். பக்கத்தில் மதி உட்கார்ந்து பெருமூச்சு விடுவாள். 'நானே சொல்லிக்கிறேம்மா' என்று என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொள்வாள். வாங்கும்போது என் விரலில் படாமல் வாங்குவாள்.

கடைசி இரண்டு மூன்று வருடங்களாகவே அப்படித்தான். வீட்டில் இருப்பாள், அறைக் கதவு சாத்தியிருக்கும். வெளியே போவாள், வருவாள். வந்ததும் 'சாப்ட்டியா' என்று கேட்பேன். 'சாப்ட்டேன்' என்பாள். ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான். ஊருக்குப் போய் நாலு சொந்தக்காரர்களோடு பழகினால் இந்தப் பிள்ளை கொஞ்சம் இளகி வரும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை எனக்கு இருந்தது.

3

மதி ஊரில் இருந்த அந்த நாளில் நான் போக வேண்டியிருந்தது ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு. சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து டேங்கர் லாரிகளில் பால் வரும். எந்தப் பண்ணையின் பால் எவ்வளவு என்று அவர்களுடைய சர்வரில் பதிவாகும். காலையில் லாரிகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே அது நின்றுவிட்டது. இரண்டு பிராசசர்களில் ஒன்று போய்விட்டது. கேஷ் மாட்யூல் செருகியிருந்த கார்டும் பழுது. இரண்டையும் மாற்ற வேண்டும்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது அக்காவின் போன். இங்கே மதியம் தாண்டியிருந்தது. அங்கே இருட்டியிருக்கும்.

"செல்வி, மதி உனுக்கு எதுனா போன் பண்ணுச்சா?"

"இல்லியேக்கா. ஏன்?"

"காலீல கெளம்பிப் போச்சு. இன்னும் வூடு வர்ல. போன் போட்டா சுச்சாப்புன்னே சொல்லுது."

"எங்க போனா?"

மழை ஓட்டில் விழும் ஓசை மட்டும் கேட்டது.

"அக்கா, எங்க போனான்னு கேக்கறேன்."

"தெரியலடி."

"தெரியலன்னா? நீ கேக்கலியா?"

"இன்னாடி நீயே இப்பிடிக் கேக்கற? புள்ள செருப்ப மாட்டிக்கினு வாசப்படி எறங்குது. அப்பப் போயி எங்கன்னு வாயத் தொறப்பேனா? நல்லபடியா போய்ட்டு வா தாயின்னேன். தலய ஆட்டிட்டுப் போச்சு."

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். வாய் தவறிக் கேட்டுவிட்டால் கேட்கப்பட்டவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படி இறங்க வேண்டும். அக்கா இடத்தில் நான் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நான் இங்கேயும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"மாமா எங்க?"

"வண்டிய எடுத்துக்கினு சின்னசேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிக்கீறாரு. போலீஸ்ல சொல்லலாம்னா பயப்படறாரு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டாம், வூட்ல தங்க வெச்சதுக்கு இன்னா தாளு எழுதிக் குடுத்தீங்கன்னு கேப்பானாம். நாங்க ஒரு தாளும் குடுக்கலியே."

"தாளு கெடக்கட்டும்க்கா. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிச் சொல்லச் சொல்லு."

"சொல்றேன், சொல்றேன். நீ அழுவாத. இங்க மழ வேற. மலப்பக்கம் மின்னிக்கினே கீது."

அக்காதான் அழுதுகொண்டிருந்தாள்.

4

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். எங்கே திரும்பி? நைனார்பாளையம் விமானத்திலேயே ஒரு பகல் தூரம். வீட்டுக்குப் போனால் அவளுடைய காலி அறைக்கு வெளியே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இங்கே பாலோடு லாரிகள் நிற்கின்றன. உள்ளே போனேன்.

சங்கத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் பெயர் ஹோல்கர். என் வயதுதான். சர்வர் அறை நிலவறையில், அங்கே சிக்னல் கிடையாது. போனை வரவேற்பிலேயே வைத்துவிட்டு, அடித்தால் ஓடி வந்து சொல்லுங்கள் என்று அங்கிருந்த பெண்ணிடம் கெஞ்சினேன். ஹோல்கர் ஏன் என்று கேட்டார். மகளைக் காணவில்லை என்று சொல்ல நினைத்து, பதற்றத்தில், மகளை இழந்துவிட்டேன் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்தது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லை, இல்லை, இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்" என்று திருத்தினேன். திருத்திய பிறகும் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. படி இறங்கும்போது கூடவே வந்தது.

தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டினேன். நம் உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச மின்சாரமே பிராசசரைக் கொன்றுவிடும் என்பதால் அதைக் கட்டாமல் எதையும் தொடுவதில்லை. முதலில் பிராசசர். சூட்டை உறிஞ்ச அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் கனமான ஹீட் சிங்க்கின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கமாகத் தளர்த்தினால் சாய்ந்து நசுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் பூசியிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்து, நெம்புகோலைத் தூக்கி, செத்துப்போன சில்லை ஓரம் பிடித்து எடுத்தேன். கீழே மயிரிழைபோல நூற்றுக்கணக்கில் ஊசிகள். ஒன்று வளைந்தாலும் போர்டு முழுவதும் குப்பை. புதியதை நேராக இறக்க வேண்டும், அழுத்தவே கூடாது. தன் எடையில் அதுவாக உட்காரும்.

உட்கார்ந்தது. கைகளுக்கு வழி தெரிந்திருந்தது. மனம் முழுக்கச் சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் மாமாவின் வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஹைவேயில் ஏதாவது லாரி. யாராவது தண்ணீர் என்று எதையாவது கொடுத்து. இவள் பேசும் தமிழைக் கேட்டதுமே வெளியூர்க்காரி என்று தெரிந்துவிடுமே. எந்தத் தாயும் கோர்வையாக நினைப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் வரும்.

அடுத்தது கார்டு. மாட்யூலையும் அதன் பேட்டரியையும் பிரிக்காமல், ஒயரோடு சேர்த்து, பழைய கார்டிலிருந்து புதிய கார்டுக்கு மாற்ற வேண்டும். எத்தனையோ முறை செய்திருக்கிறேன். பேட்டரி வேறு இடத்தில் கொக்கியில் மாட்டியிருக்கும். வழக்கமான பழுதுகளில் முதலில் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் பேட்டரியை எடுப்போம். கை அந்த வழக்கத்துக்கே போனது. கட்டைவிரல் நகம் ஒயரின் பிடிக்குக் கீழே நுழைந்துவிட்டது. கொஞ்சம் நெம்பினால் போதும்.

அப்போதுதான் மஞ்சள் விளக்கைப் பார்த்தேன். மினுக்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே வந்ததிலிருந்தே மினுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

விரலை எடுத்தேன். பட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

5

ஹோல்கர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவரும் தரையிலேயே உட்கார்ந்தார். அவசரம் இல்லை, லாரிக்காரர்கள் காபி குடிக்கிறார்கள் என்றார்.

"உங்கள் அக்காவிடம் சொல்லாமல் போய்விட்டாளா?"

"அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் போயிருக்கிறாள்."

"பிறகு எங்கே என்று தெரியாதா?"

"அக்கா கேட்கவில்லை."

"ஏன்?"

"கிளம்பும்போது நாங்கள் கேட்க மாட்டோம்."

"கிளம்பிய பிறகு?"

"கிளம்பிய பிறகு யாரைக் கேட்பது?"

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. உடனே வாயைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வந்தது.

"என் அம்மா கேட்டுவிடுவாள்," என்றார். "எங்கே, யாரோடு, அவன் அப்பாவுக்கு என்ன வேலை, எல்லாம். வாசலிலேயே விசாரணை முடிந்துவிடும்."

"எங்கள் ஊரிலும் விசாரணை உண்டு. திரும்பி வந்த பிறகு."

"அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?"

"எதுவும் ஆகக் கூடாது என்றுதான் கேட்காமல் இருக்கிறோம்."

அவர் யோசித்தார். "அவளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். "உங்கள் மகளுக்கு. ஏன் கேட்கவில்லை என்று?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஊரில் வளர்ந்தால் தெரியும். இவள் வளர்ந்தது போகும் இடத்தைச் சமையலறைப் பலகையில் எழுதிவிட்டுப் போகச் சொல்லும் நாட்டில். சின்ன வயதில் அப்படி எழுதி வைத்துக்கொண்டும் இருந்தாள். எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

எழுந்து மறுபடி பட்டையைக் கட்டினேன். இந்த முறை செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்தேன், தமிழில். பேட்டரியைக் கொக்கியிலிருந்து எடுக்கிறேன், ஒயரைத் தொடவில்லை. மாட்யூலை நேராக இழுக்கிறேன், ஒயரைத் தொடவில்லை. ஹோல்கர் ஒன்றும் புரியாமல், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டு, டார்ச்சைப் பிடித்திருந்தார். புதிய கார்டில் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்தன. விளக்கு மினுக்குவது நிற்கவில்லை. உள்ளே எல்லாம் இருக்கிறது.

மூடியைப் போட்டு மின்சாரம் கொடுத்தேன். சர்வர் எழுந்து வர நேரம் எடுக்கும். மின்விசிறிகள் கத்தும், அடங்கும், திரை கறுப்பாகவே இருக்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்தக் கறுப்பு பயம்தான். பிறகு திரையில் ஒரு வரி வந்தது. கேஷில் நின்றவை டிஸ்க்கில் எழுதப்பட்டன என்ற வரி. மஞ்சள் விளக்கு அணைந்தது.

ஹோல்கர் என் தோளைத் தட்டினார். மறுநிமிடமே நான் படியில் ஓடிக்கொண்டிருந்தேன்.

6

போன் அடிக்கவே இல்லை என்றாள் வரவேற்புப் பெண். வாசலுக்கு வெளியே, காய்ச்சிய பால் வாசனை அடிக்கும் வெட்டவெளியில், வண்டியில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன். அக்காவைக் கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிடாத வரைக்கும் எதுவும் ஆகவில்லை.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இந்திய எண்.

"ம்மா, நான்தான். கோவப்படாத."

"எங்கடி இருக்க?"

"கச்சிராயபாளையம். பஸ் இப்பதான் மலைய விட்டு எறங்குச்சு. மரம் விழுந்து ரோடு முழுக்க அடச்சிக்கினு இருந்துச்சும்மா. ஒரு பக்கமும் போக முடியல. மேல சிக்னலும் இல்ல."

"எந்த மல?"

"உன் மலதான். வெள்ளிமலை."

மழை பெய்து ஓய்ந்த நாட்களில் ஊரில் நான் வளர்ந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து, வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரியும். சின்ன வயதில் அவளுக்குச் சோறு ஊட்டும்போது அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். நான் ஒரு நாளும் மேலே ஏறிப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

"உன் போன் இன்னா ஆச்சு?"

அதற்குள் போனை யாரோ வாங்கினார்கள்.

"அம்மா, கண்டக்டர் பேசறேன். பாப்பா நல்லாத்தாங்க கீது. மரம் வெட்றவங்களுக்கு செல்லுல லைட்டு அட்ச்சிக்கினே நின்னுச்சிங்க, சார்ஜ் பூடுச்சி. நாங்கதான் வேணாம் பாப்பா, பஸ்ல குந்துன்னு சொன்னோம், கேக்கல. வூட்டுக்கும் சொல்லியாச்சிங்க, அவுங்க பெரியப்பா வந்துக்கினு இருக்காரு. நானு இங்கியே நிக்கறேன், நீங்க பயப்படாதீங்க."

நன்றி என்று சொன்னேனா என்று நினைவில்லை. அவருடைய முகம் இன்றும் எனக்குத் தெரியாது.

7

திரும்பி வந்த மதி விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேம்மா. பெரிம்மா எங்கன்னு கேப்பாங்க, வெள்ளிமலைன்னு சொல்லலாம்னு. போய்ட்டு வான்னு மட்டும் சொன்னாங்க. நீயும் எப்பவும் கேக்க மாட்டல்ல? நான் எங்க போனாலும் உங்க எல்லாருக்கும் ஒண்ணும் இல்லபோலன்னு நெனச்சேன்."

நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

"மறுநாள் பெரிம்மா எல்லாம் சொன்னாங்க. கேக்கக் கூடாது, கேட்டா திரும்பி வந்து தண்ணி குடிக்கணும்னு. நல்லாத்தான் இருக்கு. ஆனா இத நீ ஏன்மா எனக்கு சொல்லல?"

அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

இப்போது அவள் வேறு நகரத்தில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு மாலை ரயில் ஏறுவாள். அப்படி அவள் கிளம்பிய முதல் ஞாயிறு, பூட்ஸ் மாட்டி, பையைத் தோளில் போட்டுக் கதவைத் திறந்தபோது என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"எங்க போற?"

எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். படியில் கால் வைத்தவள் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே வந்து, குனிந்து, குளிர்கால பூட்ஸின் நீளக் கயிற்றை அவிழ்த்தாள். சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தாள். "தண்ணி குடு" என்றாள். குடித்தபடியே எந்த ரயில், அறையில் கூட இருக்கும் பெண் எப்படிப்பட்டவள், ஒரு பாடம் சுத்தமாகப் புரியவில்லை என்றெல்லாம் சொன்னாள். அந்த ரயில் போய்விட்டது. அடுத்ததில் போனாள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன். அவள் துணி மடிக்கும்போது கேட்பதில்லை. கயிற்றை முடிந்து, கதவைத் திறக்கும் வரைக்கும் காத்திருந்து கேட்கிறேன். சலித்துக்கொண்டேதான் அவிழ்ப்பாள். அக்காவிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வாள்.

போன ஞாயிறு எனக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது. வாரம் முழுக்க அலைச்சல், இரண்டு சர்வர், முழங்கால் வலி. சோபாவிலேயே கண் அயர்ந்துவிட்டேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்கவில்லை. குளிர்காற்று முகத்தில் அடிக்கவும் விழித்துப் பார்த்தேன். பையும் பூட்ஸுமாக மதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ம்மா," என்றாள். "கேக்கலியா?"

கேட்டேன். அவள் குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.